கல்லணையிலிருந்து கடைமடை வரை

உபாத்தியாயர் கேள்வி கேட்பதும் மாணாக்கர் விழிப்பதும் உலக வழக்கம். அதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், எட்டாம் வகுப்பில் நாம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, கிடைத்த பதிலைக் கண்டு நாமே விழிக்கும்படி நேர்ந்தது.

நாம் வேலை பார்ப்பது தஞ்சாவூருக்கு அருகிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில். அன்று பூகோள பாடம் நடந்துகொண்டிருந்தது. "காவேரியைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்றோம். முப்பத்திரண்டு பேரும் கை தூக்கினார்கள். சில பையன்கள் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். "சென்னைக்குப் போனவர்கள்?" என்றோம். பதினொரு பேர். "சிங்கப்பூருக்கு?" சித்தப்பாவைப் பார்க்கவும் மாமாவைப் பார்க்கவும் போய்வந்த இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் கை தூக்கியதோடு நில்லாமல் எழுந்தே நின்றுவிட்டார்கள். "நல்லது. காவேரித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற வயல்களைப் பார்த்தவர்கள் யார்?" என்று கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை.

தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் மத்தியான்னச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். கடல் கடந்து போய்வந்த பிள்ளைகள், தங்கள் வயலில் பாய்கிற அதே தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் இன்னொரு வயலைப் பார்த்ததில்லை. நாம் இதைச் சொல்லிக் கொஞ்சம் பிரசங்கம் செய்யலாம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டோம். அதற்குள் முதல் வரிசையிலிருந்த ஒரு சிறுமி, "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, ஸார்?" என்று கேட்டுவிட்டாள்.

நாம் பட்டம் பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேதாரண்யத்துக்கு ஸ்வாமி தரிசனத்துக்காக இரண்டு தடவை போனதுண்டு. அவ்வூர் வாய்க்காலை மட்டும் பார்த்ததில்லை. பிரசங்கம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஒரே நாளில் ஒன்பது ஸ்தலங்கள்

பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துப் போகும் வழக்கமே நமக்கு இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. அந்தப் பெருமையையும் சொல்லிவிடுகிறோம்.

அதற்கு முந்திய வருஷம் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஒன்பது ஸ்தலங்களையும் ஒரே நாளில் காட்டிவிடுவது என்று தீர்மானித்து, அதிகாலை நான்கு மணிக்கு ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பஸ்ஸில் சினிமாப் பாட்டு காதைத் துளைத்தது. நான்கு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். மூன்று பேருடைய செருப்பு காணாமற் போயிற்று. எந்தக் கோயிலிலும் இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. "ஏறுங்கள், ஏறுங்கள்!" என்று கத்திக் கத்தி நமது குரலும் போய்விட்டது.

மறுநாள் "நான் சென்ற சுற்றுலா" என்று வியாசம் எழுதச் சொன்னோம். ஏறக்குறைய எல்லா வியாசங்களும் "அதிகாலையில் எழுந்தோம்" என்று ஆரம்பித்து, "மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்" என்று முடிந்தன. நடுவில் இட்டிலியும் புளியோதரையும் இருந்தன. ஒரு பையன் மட்டும் உண்மையை எழுதியிருந்தான்: எல்லாக் கோயில்களிலும் தனக்கு முன்னால் நின்றவனுடைய முதுகைத்தான் பார்த்ததாக.

தஞ்சைப் பெரிய கோயிலையும் இப்படித்தான் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் பார்த்துவிட்டுப் போகின்றன. இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், நந்தியின் முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், பஸ் ஏறுகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் ராஜராஜ சோழன் அந்தச் சுவர்களில் தன் பெயரோடு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த வீதியில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பதையும் வெட்டிவைத்திருக்கிறான். ஒரு பிள்ளையை ஒரு பெயருக்கு முன்னால் நிறுத்தி, "இந்தப் பெண் தன் ஊரைவிட்டு இங்கே வந்தாளே, அவள் ஊர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் போதும்; அரை நாள் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். அதற்கு அரை நாள் ஒதுக்க நமக்கு மனம் வரவேண்டும்.

ஊர் விட்டு ஊர் போன மாணாக்கர்கள்

பிரயாணத்தினால் படிப்பு விரியும் என்பது தஞ்சாவூருக்குப் புதிய செய்தி அன்று. சரஸ்வதி மகாலுக்குள் நுழைகிறவர்களுக்கு அதற்கான சாட்சி அலமாரி அலமாரியாக இருக்கிறது. 1777-ஆம் வருஷம் பிறந்த சரபோஜி, பட்டத்துக்கு வருவதற்கு முன்பே ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. அரண்மனைச் சச்சரவிலிருந்து காப்பாற்றுவதற்காக, 1793-ஆம் வருஷம் அவரைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் பொறுப்பில் ஆங்கிலமும் மேனாட்டுச் சாஸ்திரங்களும் கற்றார். 1798-ல் அரசரானபோது அவருக்கு அரசாள அதிக ராஜ்யம் மிஞ்சவில்லை. ஆனால் அறிவதற்கு உலகமெல்லாம் இருந்தது. சமஸ்கிருத ஏடுகளுக்குப் பக்கத்தில் ஐரோப்பிய வைத்தியப் புத்தகங்களைச் சேர்த்துவைத்தார். 1820-ல் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை புறப்பட்டார். கங்கைக்கரைப் படித்துறைகளைக் காட்டும் சித்திரங்கள் இன்றும் அந்த நூல்நிலையத்தில் இருக்கின்றன. யாத்திரை போய்வந்தவர்கள் கங்கைத் தீர்த்தம் கொண்டுவருவது வழக்கம். இவர் கங்கைக்கரையையே காகிதத்தில் கொண்டுவரச் செய்துவிட்டார்!

அவர் அரசர், பரிவாரம் இருந்தது. சாதாரணப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இது நடக்குமா என்றால், அதற்கு ஜெர்மனி தேசத்தில் ஒரு சாதாரண உபாத்தியாயர் வழி காட்டினார். ரிச்சர்டு ஷிர்மன் என்பது அவர் பெயர். 1909-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பிள்ளைகளை நடைப் பிரயாணமாக அழைத்துச் சென்றபோது, வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். அக்கம்பக்கத்துக் குடியானவர் வைக்கோல் கொடுத்தார். அதைப் பரப்பிப் பிள்ளைகள் தூங்கினார்கள். இரவெல்லாம் தூக்கம் வராமல் விழித்திருந்த உபாத்தியாயருக்கு ஒரு யோசனை தோன்றிற்று: விடுமுறையில் சும்மா பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடங்களையெல்லாம் பிரயாணம் செய்யும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன? இன்று பல தேசங்களில் இருக்கும் 'யூத் ஹாஸ்டல்' என்னும் இளைஞர் விடுதிகள் எல்லாம் அந்த ஓர் இரவில் பிறந்தவையே.

வைக்கோலுக்குத் தஞ்சாவூர்ச் சீமையில் பஞ்சமா? பள்ளிக்கூடங்களுக்குத்தான் பஞ்சமா? இதைப் படித்தபோது நமக்கும் ஒரு யோசனை உதித்தது. கடைமடையில் ஒரு பள்ளிக்கூடத்தோடு சிநேகம் செய்துகொள்வது; நம் பிள்ளைகள் அங்கே போய் ஓர் இரவு தங்குவது; பிறகு அந்தப் பிள்ளைகள் இங்கே வந்து ஓர் இரவு தங்குவது. வேதாரண்யத்துப் பக்கத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "தாராளமாக வாருங்கள்; ஆனால் எங்கள் ஊரில் பார்க்க ஒன்றுமில்லையே" என்றார். "அதைத்தான் பார்க்க வருகிறோம்" என்றோம்.

மூன்று தடைகள்

பெற்றோர்களைக் கூட்டிச் சொன்னபோது மூன்று தடைகள் எழுந்தன.

முதலாவது பணம். எல்லாரிடமும் ஒரே தொகை வசூலித்தால் ஏழெட்டுப் பிள்ளைகள், "எனக்கு ஊர் சுற்றப் பிடிக்காது, ஸார்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பொய்யை நாம் முந்திய வருஷம் உண்மை என்று நம்பியிருந்தோம். ஆகையால் இந்தத் தடவை மூடிய தகர உண்டியல் ஒன்று வைத்து, முடிந்ததைப் போடுங்கள் என்றோம். யார் எவ்வளவு போட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது. குறைந்ததை உபாத்தியாயர்கள் போட்டு நிரப்பினோம். அதோடு, வீட்டுக்கு ஒரு படி அரிசி, விருந்தளிக்கும் வீட்டுக்குக் கொண்டுபோக.

இரண்டாவது, பெண் குழந்தைகள். இரவு தங்குவதா என்று தாய்மார் தயங்கினார்கள். இரண்டு டீச்சர்மாரும் இரண்டு தாய்மாரும் கூட வருவது என்று ஏற்பாடாயிற்று. நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மாள், "இவள் வந்துவிட்டால் தம்பியை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டாள். தம்பிக்கு வயது ஐந்து. அவனையும் அழைத்துக்கொண்டோம்.

மூன்றாவது தடையை ஒரு தகப்பனார் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "வாத்தியார் ஐயா, பையன் அங்கே யார் வீட்டில் சாப்பிடுவான்?" கேள்வியின் உட்பொருள் நேயர்களுக்கு விளங்கியிருக்கும். "யார் வீட்டில் இலை போடுகிறார்களோ அவர் வீட்டில்" என்றோம். அவர் பையனை அனுப்பவில்லை. அந்தப் பையன் பஸ் கிளம்பும்போது வாசலில் நின்று கையசைத்தது இன்னும் நம் கண் முன்னால் இருக்கிறது. ஒருவருக்காக அந்த ஏற்பாட்டை மாற்றியிருந்தால், மற்றவர்களுக்கு அந்தப் பிரயாணத்தில் கற்பிக்க ஒன்றுமே மிஞ்சியிராது.

ஆக, ஜூலை மாதத்து முதல் வாரத்தில் ஒரு நாள், முப்பத்தொரு மாணாக்கரும் ஓர் அரை டிக்கட்டுமாகக் கிளம்பினோம்.

அணையிடம் பாடம் கேட்டவர்

முதலில் கல்லணைக்குப் போனோம். கரிகாலன் கட்டிய அணை என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அணை என்றால் தண்ணீரைத் தேக்கிவைப்பது என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அணையின் மேல் நடக்கவைத்து, இரண்டு பக்கமும் பார்க்கச் சொன்னோம். வடக்கே கொள்ளிடம் தாழ்ந்து கிடக்கிறது. தெற்கே காவேரியும் வெண்ணாறும் மேட்டில் போகின்றன. சும்மா விட்டால் தண்ணீர் முழுதும் பள்ளத்தைப் பார்த்துக் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். அப்படிப் போகாமல் தடுத்து வயற்பக்கம் திருப்பிவிடுவதுதான் பழைய கல்லணையின் வேலை. ஆயிரம் அடிக்கு மேல் நீளம். அடியில் பாறை கிடையாது, மணல்தான். மணலில் பெருங்கற்களைப் போட்டு, அவை தாமாகவே அமிழ்ந்து நிலைகொள்ளும்படி விட்டு, அவற்றின்மேல் கட்டியிருக்கிறார்கள்.

ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் 1830-களில் இங்கே வந்து பார்த்தார். ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்தப் பழைய அணையிலிருந்தே கற்றுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். பிறகு 1847-ல் கோதாவரியில் தவளேசுவரம் அணையைத் தொடங்கினார். அந்நிய ஆட்சியின் எஞ்சினீயர் ஒருவர் பெயர் தெரியாத நம் கொல்லர்களுக்கும் குடியானவர்களுக்கும் மாணாக்கர் ஆனார். இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்ததனால் விளைந்த படிப்பு அது.

கல்லணையில் ஆறு பிரிகிறது: காவேரி, வெண்ணாறு, 1934-ல் மேட்டூர் அணை ஏற்பட்ட காலத்தில் வெட்டிய கல்லணைக் கால்வாய், வெள்ளத்துக்கு வடிகாலாகக் கொள்ளிடம். அவற்றில் வெண்ணாற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனோம். அது பாமணியாறாகவும் கோரையாறாகவும் அடப்பாறாகவும் அரிச்சந்திரா நதியாகவும் கிளைத்துக்கொண்டே போகிறது. பாலம் வரும்போதெல்லாம் பஸ்ஸை நிறுத்தி, தண்ணீரின் அகலத்தைக் குத்துமதிப்பாகக் குறித்துக்கொள்ளச் சொன்னோம். மன்னார்குடியைத் தாண்டியதும் குறிப்புப் புத்தகங்களில் எண்கள் சிறுத்தன. திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் ஒரு பாலத்தில் இறங்கியபோது, ஐந்து வயது அரை டிக்கட் எட்டிப் பார்த்து, "தண்ணி எங்கே?" என்று கேட்டான். அதற்குப் பிறகு ஒருவரும் அதிகம் பேசவில்லை.

கடைமடை

நம் பிள்ளைகளின் ஊரில் குறுவை நடவு முடிந்து வயல் பச்சை கட்டியிருந்தது. இங்கே வயல் வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் ஆடுகள் மேய்ந்தன. அவ்வூர்ப் பிள்ளைகள் வாய்க்காலுக்குள்ளேயே நம்மை நடத்தி அழைத்துச் சென்றார்கள்.

"உங்கள் ஊரில் தண்ணீர் என்றைக்கு வந்தது?" என்று அவ்வூர்ப் பையன் ஒருவன் கேட்டான்.

"ஜூன் பதினெட்டு" என்றான் நமது பையன். தேதி அவனுக்கு மனப்பாடம்.

"எங்களுக்கு இன்னும் வரவில்லை" என்றான் அவன். அதில் புகாரோ கோபமோ இல்லை; மழை வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னான். அங்கே குறுவை பயிரிடுவதில்லை. தண்ணீர் வருமென்று நம்பிச் சம்பாவுக்கு நேரடியாக விதைக்கிறார்கள். உப்புக் காற்றையும் உவர் நிலத்தையும் தாங்கும் குழியடிச்சான், களர்ப்பாலை என்ற நெல் வகைகளை அவன் சொன்னான். நெல்லைப் பற்றித் தங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றிருந்த நம் தஞ்சாவூர்ப் பிள்ளைகள் அந்தப் பெயர்களை முதல் தடவையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். நாமும் குறித்துக்கொண்டோம்.

குடிநீர்க் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. நிலத்தடி நீர் கரிக்கிறபடியால் கொள்ளிடத்திலிருந்து குழாய் மூலம் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். காலையில் கல்லணையில் நம் காலடியில் ஓடின அதே ஆறு இங்கே ஒரு குடமாக வந்து நின்றது.

மறுநாள் காலை அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குப் போனோம். பாத்தியில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை வாரிக்கொண்டிருந்த முதியவர், "மழை மட்டும் வந்துவிடக்கூடாது" என்றார். முந்தின மாலை வயற்காரர், "மழையாவது வரக்கூடாதா?" என்று ஏங்கியதைக் கேட்டிருந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் இடையில் நாலைந்து கிலோமீட்டர்கூட இராது. ஒரே மழையை ஒருவர் வேண்டுகிறார், மற்றவர் வேண்டாமென்கிறார். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை வகுப்பில் எத்தனை மணி நேரம் பேசினால் புரியவைக்க முடியும்?

அந்த உப்பளத்தங்கரையில் உட்கார்ந்து, 1930-ஆம் வருஷத்துக் கதையைச் சொன்னோம். ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக ஏறக்குறைய 150 மைல் நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் வந்தார்கள். 30-ந் தேதி உப்பை அள்ளினார்கள். அப்போது தஞ்சாவூர்க் கலெக்டராயிருந்த தார்ன் துரை, தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று எச்சரிக்கை விட்டிருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சாப்பாட்டுப் பொட்டலங்களை வழிநெடுகிலும் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று தெரியாது. எடுத்தவர் யார் என்று அவர்களுக்கும் தெரியாது.

நாம் கதையை முடித்ததும் ஒரு சிறுமி, "நம் பள்ளிக்கூடத்து உண்டியல் மாதிரியா, ஸார்?" என்றாள். அந்த உண்டியலுக்கு இவ்வளவு பெரிய உவமானம் கிடைக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டிரண்டு பேராகப் பிள்ளைகள் வீடுகளுக்குப் போனார்கள். 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் தென்னையும் மாவும் சாய்ந்துபோன வீடுகள் அவற்றில் பல. சிலவற்றில் மீன் குழம்பு. சிலவற்றில் கீரையும் ரசமும். சாப்பிட்டுத் திரும்பி, பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தபிறகு, ஜூன் பதினெட்டு என்று தேதி சொன்ன அந்தப் பையன் நம் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"ஸார், எங்கள் அப்பா சில நாள் இராத்திரி போய், மதகுப் பலகையைத் தூக்கிவிட்டு வருவார். முறை இல்லாத அன்றைக்குக்கூட. அது தப்பா, ஸார்?"

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தப்பில்லை என்று சொல்ல நா எழவில்லை. தப்பு என்றால் பிள்ளையிடம் தகப்பனாரைக் குற்றம் சொன்னதாக ஆகும். கடைசியில், "ஊருக்குப் போனதும் இங்கே பார்த்ததையெல்லாம் அப்பாவிடம் சொல்லு" என்று மட்டும் சொன்னோம்.

பதினைந்து நாள் கழித்து அந்தத் தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "வாத்தியார் ஐயா, பையனை எங்கே கூட்டிக்கொண்டு போனீர்கள்? இராத்திரி நான் மண்வெட்டியை எடுத்தால் வாசலில் வந்து நிற்கிறான்!" என்றார். கோபமா சிரிப்பா என்று நமக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்று தோன்றிற்று. போகும்போது, "எங்களுக்கும் தண்ணீர் மிஞ்சிக் கிடக்கவில்லை, ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் உண்மைதான்.

விருந்தாளிகளின் கண்

ஆடிப் பதினெட்டுக்குக் கடைமடைப் பிள்ளைகள் நம் ஊருக்கு வந்தார்கள். ஆளுக்கொரு பை உப்புக் கொண்டுவந்தார்கள். பெரிய கோயிலையும் சரஸ்வதி மகாலையும் நம் பிள்ளைகளே சுற்றிக் காட்டினார்கள். காட்டவேண்டியிருந்ததனால், அதற்கு முந்திய வாரம் தாங்களே போய்ப் படித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பிறர் ஊரைப் பார்ப்பதற்காக ஏற்பாடு செய்த காரியத்தில், நம் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வெண்ணாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றோம். ஆறு இரு கரையும் தொட்டு ஓடிற்று. பெண்கள் மஞ்சளும் கருகமணியும் காதோலையும் ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு தண்ணீரை ஒன்றாகப் பார்த்திராத பிள்ளைகள் படியில் நின்று வாய் பேசாமல் பார்த்தார்கள். படியோரத்தில் பூஜைச் சாமான் வந்த பிளாஸ்டிக் பைகளும் காலி பாட்டில்களும் மிதந்துகொண்டிருந்தன. ஒரு சிறுமி அவற்றையே கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"ஸார், இதெல்லாம் எங்கள் ஊருக்கு வருமா? எங்கள் வாய்க்காலில் வருஷா வருஷம் தண்ணீருக்கு முன்னால் குப்பைதான் வந்து சேரும்."

நம் பிள்ளைகளில் நாலைந்து பேர் ஒன்றும் சொல்லாமல் படியில் இறங்கிப் பொறுக்க ஆரம்பித்தார்கள். யாரும் ஆணையிடவில்லை. குப்பையைப் போடாதே என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் எட்டு இடங்களில் எழுதி வைத்திருக்கிறோம். அதனால் நடக்காதது இந்த ஒரு கேள்வியால் நடந்தது. அந்தக் குப்பைக்கு இப்போது ஒரு விலாசம் ஏற்பட்டுவிட்டதல்லவா? தாங்கள் மீன் குழம்பு சாப்பிட்ட வீட்டின் விலாசம்.

சுற்றுலாவுக்கும் பரிவர்த்தனைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சுற்றுலாவில் நாம் பார்க்கிறோம். பரிவர்த்தனையில் நம்மையும் பார்க்கிறார்கள்.

ஆறு இன்னும் நீளம்

காவேரி கல்லணையில் பிறக்கவில்லை. குடகு நாட்டில் பிறந்து, சுமார் 800 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. தஞ்சாவூருக்கு வேதாரண்யம் கடைமடை என்றால், மைசூர்ச் சீமைக்குத் தஞ்சாவூரே கடைமடை. 1892, 1924-ஆம் வருஷத்து ஒப்பந்தங்களும், 1990-ல் அமைந்த நடுவர் மன்றமும், 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பும் இந்தத் தகராற்றைப் பற்றியவையே. 1991-லும் 2016-லும் இதன் பெயரால் நடந்த கலவரங்களை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் 2003-ஆம் வருஷத்தில் நடந்த ஒரு நல்ல காரியத்தைப் பலர் அறியமாட்டார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் 'காவேரிக் குடும்பம்' என்று ஒன்று ஏற்பட்டது. இரண்டு மாநில விவசாயிகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். இவர்கள் வயலை அவர்களும் அவர்கள் வயலை இவர்களும் போய்ப் பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் அடுத்தவன் நிலமும் வெடித்துக் கிடக்கக்கூடும் என்பதைக் கண்ணால் பார்த்தவன், கல்லெறியக் கை ஓங்குமுன் சற்றுத் தயங்குவான் அல்லவா?

பெரியவர்கள் செய்ததைப் பிள்ளைகள் செய்யக்கூடாதா? பிரான்சும் ஜெர்மனியும் எழுபது வருஷத்தில் மூன்று தடவை யுத்தம் செய்த தேசங்கள். 1963-ல் சிநேக ஒப்பந்தம் செய்துகொண்டபோது, இரு தேசத்து இளைஞர்களையும் ஒருவர் ஊருக்கு ஒருவர் அனுப்புவதற்கென்றே ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். அன்றுமுதல் இலட்சக்கணக்கானவர்கள் போய்வந்திருக்கிறார்கள். மாண்டியாவுக்கும் தஞ்சாவூருக்கும் இடையே யுத்தம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரே தாயின் பாலைக் குடிக்கும் பிள்ளைகளின் சண்டைதான். மாண்டியாவில் உள்ள ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதவேண்டும் என்பது நமது அடுத்த ஆசை. பாஷை தெரியாதே என்றார்கள். அரை டிக்கட்டுக்கு அன்று கடைமடையில் ஒரே இரவில் ஆறு சிநேகிதர்கள் கிடைத்தார்கள். அவன் பேசியது மிகவும் கொஞ்சம்.

சுற்றுலாவினால் தண்ணீர்ப் பங்கீடு தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அதற்குக் கோர்ட்டும் சர்க்காரும் எஞ்சினீயர்களும் வேண்டும். ஆனால் நாளைக்கு எஞ்சினீயராகவும் அதிகாரியாகவும் மதகுக் காவல் பார்க்கும் லஸ்கராகவும் மண்வெட்டி பிடிக்கும் குடியானவராகவும் வரப்போகிறவர்கள் இந்தப் பிள்ளைகளே. அவர்கள் பலகையைத் தூக்கும்போது அதற்கு அப்பால் ஒரு முகம் நினைவுக்கு வந்தால், அது சிறிய படிப்பா?

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா என்று சீட்டு வந்தால், "என்னென்ன இடம் பார்ப்பீர்கள்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "யார் வீட்டில் தங்குவீர்கள்? அவர்கள் எப்போது நம் வீட்டுக்கு வருவார்கள்?" என்றும் கேளுங்கள். இடங்களைக் குறையுங்கள் என்று எங்களைப் போன்ற உபாத்தியாயர்களைக் கண்டியுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அந்த வருஷம் ஆகஸ்டு மாதம் நடுவில், எட்டாம் வகுப்பின் விலாசத்துக்கு ஒரு கார்டு வந்தது. கடைமடைப் பையன் எழுதியிருந்தான். நலம், நலமறிய ஆவல் என்ற சம்பிரதாயம் ஒன்றும் இல்லை. "இன்று காலை ஏழு மணிக்கு எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. குப்பை கொஞ்சம்தான்" என்று மட்டும் இருந்தது.

வகுப்பில் உரக்கப் படித்தோம். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஜூன் பதினெட்டுப் பையன் கார்டை வாங்கி மறுபடியும் தானே ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "அப்பாவிடம் காட்டிவிட்டு நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன், ஸார்" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.